பாட்டின் கடைசியில் எங்கள் வீட்டு மணி

எங்கள் சுவாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்கும் திருநீற்றுச் சட்டிக்கும் நடுவில் ஒரு சின்னக் கறுப்பு இசைத்தட்டு சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஏதோ பக்திப் பாட்டு என்று நினைத்து, "ஆர் படிச்சது அக்கா?" என்று கேட்பார்கள். "ரெண்டு அமெரிக்கப் பிள்ளையள்" என்று சொன்னால் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். உறையில் சாமி படம் ஒன்றும் இல்லை. பழுப்புத் தாளில் கையால் வரைந்த ஒரு மணி மட்டும் இருக்கிறது. மையும் இப்போது மங்கிவிட்டது. அதை ஏன் சாமியோடு வைத்திருக்கிறேன் என்று கேட்கிறவர்களுக்கு நின்ற நிலையில் பதில் சொல்ல என்னால் முடிவதில்லை. அதனால் ஆறுதலாக இங்கே எழுதுகிறேன். எனக்குப் பெரிய படிப்பில்லை. ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் இவரும் ஊர்ச் சண்டைக்குத் தப்பி எண்பத்தைந்தில் கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்குப் பக்கம் வந்தவர்கள். கைப்பையில் அம்மா தந்த வெண்கலப் பூசை மணி இருந்தது. வழியில் கிலுங்கிக் காட்டிக்கொடுத்துவிடும் என்ற பயத்தில் மணியின் நாக்கில் சீலைத்துண்டு சுற்றி வைத்திருந்தேன். அங்கே நொய்கெல்ன் என்ற பகுதியில் எங்களுக்குக் கிடைத்த வீடு, முற்றத்துக்குப் பின்னால் இருந்த பழைய கட்டடத்தில், ஒரு அறையும் சமைக்க ஒரு குசினியும். கக்கூசு படிக்கட்டுத் திருப்பத்தில் இருந்தது. நிலக்கரி அடுப்பு. இவர் ஒரு சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினார். வந்த அன்றே அலுமாரிக்கு மேலே பிள்ளையாரை வைத்து, மணியின் சீலையை அவிழ்த்தேன்.

எங்களுக்கு நேர் மேலே அந்த அமெரிக்கப் பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள். பெடியன் கிற்றார் வாசிப்பான். பிள்ளை மேளம் அடிப்பாள். அமெரிக்காவில் ஏதோ சின்ன ஊர். பெடியன் இரவில் ஒரு மதுக்கடையில் வேலைக்கு நின்றுவிட்டு விடிய வருவான், பிள்ளை பின்னேரங்களில் ஒரு அலுவலகம் துப்பரவாக்கப் போவாள். இரண்டு பேரும் ஒன்றாக வீட்டில் இருப்பது விடியற்காலையில்தான். இந்த நாட்டில் ஆறு மணிக்கு முன்னால் சத்தம் போடக்கூடாது. ஆறு அடித்ததும் மேலே அவர்களுடைய பாட்டும் கீழே என்னுடைய பூசையும் தொடங்கும். மேளத்துக்குள் தலையணை அடைத்து, மேலே துவாயும் போட்டுத்தான் அடித்தாள். அப்படி இருந்தும் எங்கள் கூரையில் யாரோ உரலில் மா இடிப்பதுபோலக் கேட்கும்.

அவர்களுடைய பாட்டு கடையில் விற்கிற பாட்டு அல்ல. ஒரு ஒலிப்பதிவு மெசினில் தாங்களே பதிந்து, ஒவ்வொரு கசெட்டாகப் பிரதி எடுத்து, உறைக்குத் தாங்களே படம் கீறுவார்கள். பாட்டுக் கூட்டம் நடக்கும் இடங்களுக்குக் கொண்டுபோய்க் கையிலே கொடுப்பார்கள். தீபாவளிக்குத் துருக்கிக் கடைப் பருப்பில் வடை சுட்டு மேலே கொண்டுபோனேன். பிள்ளை சுடச்சுட வாயில் போட்டுவிட்டு, வாயைத் திறந்து ஊதி ஊதிச் சாப்பிட்டாள். பிறகு வெறும் தட்டைத் திருப்பித் தர மனமில்லாமல் அதன் மேலே ஒரு கசெட்டை வைத்துத் தந்தாள். வீட்டில் போட்டுக் கேட்டோம். இவர் காதைப் பொத்திக்கொண்டு, "இது பாட்டோ, ஆரும் வீடு மாறுகினமோ?" என்றார். ஆனால் எனக்கு அந்தக் கசெட்டில் ஒரு பற்று வந்தது. அந்த நாட்களில் எங்களுக்கும் கசெட்தானே எல்லாம். கடிதம் எழுதத் தெரியாத அம்மா, ஊரிலிருந்து கசெட்டில் பேசித்தான் அனுப்புவா. நானும் பேசி அனுப்புவேன். இவர்களும் யாருக்கோ இப்படிப் பேசி அனுப்புகிறார்கள் என்றுதான் எனக்குப் பட்டது.

ஒரு முறை அம்மாவின் கசெட் வந்தது. கிணற்றில் தண்ணீர் வற்றியதைச் சொன்னா. பக்கத்து வீட்டுக் கலியாணத்தைச் சொன்னா. மாடு கன்று போட்டதைச் சொன்னா. நாடா ஓடிப் பக்கம் முடியப்போகிற நேரம், மூச்சு வாங்கி, "தம்பியை ஆமி பிடிச்சுக்கொண்டு போட்டுது பிள்ளை. ரியூசனுக்குப் போன இடத்திலை" என்றா. அதோடு பக்கம் முடிந்துவிட்டது. மறுபக்கத்தில் ஒன்றுமில்லை.

அன்றைக்கே நேர்ந்துகொண்டேன். தம்பி வீட்டு வாசலை மிதிக்கும்வரை ஒவ்வொரு விடியலும் தலைக்குத் தோய்ந்து, விளக்கேற்றி, மணி அடித்து, ஒரு பதிகம் படிப்பது என்று. இங்கே இருந்துகொண்டு நான் அவனுக்குச் செய்யக்கூடியது வேறு என்ன இருந்தது? முன்பு அடித்ததை விட அந்த மணியைக் கூடுதலான நேரம் அடிப்பேன். அது அவன் இருக்கும் இடத்துக்கும் கேட்க வேண்டும் என்று ஒரு எண்ணம்.

மாரிகாலம் தொடங்கிய நேரம், கட்டடத்தைப் பராமரிக்கிற மனிதர் இவரைப் படிக்கட்டில் மறித்துவிட்டார். இடுப்பில் கதவுத் திறப்புக் கோர்வை தொங்கும் பெரிய உடம்புக்காரர். விடியச் சத்தம் கேட்கிறது என்று முறைப்பாடு வந்திருக்கிறது, இன்னொரு தரம் வந்தால் வீட்டுச் சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டிவரும் என்று சொல்லியிருக்கிறார். இவர் முகம் வெளிறி வந்தார்.

"இஞ்சை பாரும், இனி அந்த மணியை அடியாதையும்."

"நேர்த்தி வைச்சிட்டனே. என்னெண்டு விடுறது?"

"எங்கட அகதி அசூல் கேஸ் இன்னும் முடியேல்லை. ஒரு மணியாலை துரத்துப்பட்டம் எண்டு ஊரிலை போய்ச் சொல்லேலுமோ?"

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நாட்களில் தபால்காரன் கதவடியில் நின்றாலே, திருப்பி அனுப்புகிற கடிதமோ என்று பார்ப்போம். அடுத்த நாள் விடிய, விமானத்தில் சுற்றிய அதே சீலைத்துண்டை எடுத்து மணியின் நாக்கில் மறுபடி சுற்றினேன். கை மணியை ஆட்டியது. சத்தம் வரவில்லை. அப்படிச் சில நாள் ஆட்டினேன். பிள்ளையாரைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தம்பியின் வாயைப் பொத்திப் பிடித்திருப்பது நான்தான் என்று நினைத்து ஒரு நாள் விளக்கடியிலேயே இருந்து அழுதுவிட்டேன். மேலேயும் அந்த நாட்களில் மேளச் சத்தம் இல்லை. இடியும் இல்லை, மணியும் இல்லை. கட்டடமே செத்துக் கிடந்தது.

பிறகு ஒரு காலை கதவு தட்டினார்கள். திறந்தால் மேல்வீட்டுப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் இவருடைய சிநேகிதர்கள் என்னை அக்கா, அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அப்படியே கூப்பிடுவாள். அதற்கு மேல் எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜேர்மன் மொழி. அவள் கையை மேலே தூக்கி மணி அடிப்பதுபோல ஆட்டிக் காட்டினாள்.

"அக்கா, மணி எங்கே? ஏன் இல்லை?"

கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டுபோய்க் காதில் ஹெட்போனை மாட்டிவிட்டாள். முதலில் கிற்றார். பிறகு அந்த உரல் இடி. பிறகு, பாட்டு ஓயப்போகிற நேரத்தில், பலகைத் தரையைத் துளைத்துக்கொண்டு தூரத்திலிருந்து வருவதுபோல என்னுடைய மணி. ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன், மணி இல்லை. மாட்டினேன், இருந்தது. முதலில் அந்த மணி பாட்டைக் கெடுக்கிறது என்று கோபப்பட்டார்களாம். பிறகு அது எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்து, அதற்கேற்றபடி பாட்டைத் தொடங்கினார்களாம். பாட்டு பாதியில் நிற்கிறது, மணி போய்விட்டது என்றாள்.

முறைப்பாட்டைச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "அக்கா, அது உங்களுக்கு இல்லை. எங்களுக்கு! எனக்கு!" என்று மூலையைக் காட்டினாள். மேளத்தை ஒரு போர்வையால் மூடி வைத்திருந்தாள். அந்த மனிதர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். இவர்கள் மேளத்தை நிறுத்தினார்கள், நாங்கள் மணியை நிறுத்தினோம். நான் நம்பவில்லை. அவள் என்னை இழுத்துக்கொண்டு கீழே அந்த மனிதரின் கதவடிக்கே போய்விட்டாள்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். "மணியா? எந்த மணி? விடிய அடிக்கிறதா? அது அந்தப் பக்கத்துத் தேவாலயத்தினுடையது அல்லவா?"

பிள்ளை என்னைக் காட்டினாள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அது அடிக்கட்டும், அந்த இடிதான் கூடாது என்று கதவைச் சாத்தினார். இவர் பின்னேரம் வந்து கேட்டுவிட்டு வெகுநேரம் சிரித்தார். "பிள்ளையாரைக் கொண்டுபோய் வேதக்கோயிலிலை வைச்சிட்டாங்கள்" என்றார்.

மணி திரும்பி வந்தது. ஆனால் அந்தப் பிள்ளையின் மேளம் திரும்பி வரவில்லை. அதை ஒரு சிநேகிதரின் நிலவறையில் கொண்டுபோய்ப் போட்டாள். அதில் அவளுக்கு மனவருத்தம் இருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. பாதியில் நின்ற பாட்டை மேளமில்லாமல் முடிக்கப்போகிறோம், மைக்கை உங்கள் சாமி மூலையில் வைக்கலாமா என்று கேட்டாள். இவருக்கு விருப்பமில்லை. மாடு பன்றி சாப்பிடுகிற பிள்ளை, பூசை இடத்தில் வயரும் மெசினுமா என்றார். நான் அவளிடம், தோய்ந்துவிட்டு வா என்று மட்டும் தலையில் தண்ணீர் வார்ப்பதுபோலக் காட்டினேன்.

அடுத்த நாள் விடியக் கதவைத் திறந்தால், மயிரிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நிற்கிறாள். வெளியே பனி. சப்பாத்தைப் படிக்கட்டிலேயே கழற்றிவிட்டாள். முதல் நாள் முறுகிய இவர் எழும்பிப்போய் அடுப்பில் இன்னும் இரண்டு கரிக்கட்டி போட்டுவிட்டு, துவாயை எடுத்து அவளிடம் கொடுத்தார். "பிள்ளைக்குத் தடிமன் பிடிக்கப்போகுது, தலையைத் துடைக்கச் சொல்லும்" என்றார்.

விளக்கேற்றியபின் இது யாருக்காக என்று அவள் கேட்டாள். பள்ளிக்கூடச் சட்டையோடு தம்பி நிற்கிற படத்தைக் காட்டினேன். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டுவதுபோலக் காட்டினேன். அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். தங்கள் பாட்டுகளைக் கடைசியில் மெல்ல மெல்லக் குறைத்துவிடுவதுதான் வழக்கம் என்று மெசினின் குமிழைத் திருகிக் காட்டினாள். பிறகு அதிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இதைக் குறைக்கமாட்டோம் அக்கா. வெட்டமாட்டோம். நீங்கள் நிறுத்தும்போதுதான் பாட்டு நிற்கும்" என்றாள்.

நான் அடித்தேன். பக்கத்தில் சப்பணம் கட்டி இருந்த அவள் மேளத்துக்குப் பதிலாகத் தன் தொடையில் விரல்களால் தட்டினாள், ஒரு குழந்தையை நித்திரையாக்குவதுபோல.

மகள் அந்த வீட்டில்தான் பிறந்தாள். அவள் நடக்கப் பழகுமுன்பே அவர்கள் இருவரும் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார்கள். சில மாதம் கழித்து இந்த இசைத்தட்டு தபாலில் வந்தது. பிறகு நாங்கள் வீடு மாறினோம், அவர்களும் மாறியிருப்பார்கள். விலாசங்கள் அறுந்துபோயின. அண்மையில் மகள் தன் போனில் தேடிப் பார்த்தாள். அவர்களுடைய பாட்டுகள் மொத்தமே மூன்று கசெட்டும் இந்த ஒரு இசைத்தட்டும்தானாம். பிறகு இருவரும் ஒன்றும் பதியவில்லை. இப்படிப்பட்ட பழைய பாட்டுகளைத் தேடிச் சேர்க்கிறவர்கள் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

"அம்மா, இஞ்ச பாருங்கோ. கடைசியிலை வாறது பேர்லினிலை ஒரு தேவாலய மணியாம்! நான் எழுதட்டோ, அது எங்கட அம்மா எண்டு?"

"விடு பிள்ளை. ஆரின்ரை மணியெண்டாலும் போற இடத்துக்குப் போனால் சரி" என்றேன்.

தம்பி வரவில்லை. இன்ன இடத்தில் இருக்கிறான் என்றோ இல்லை என்றோ யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அம்மா வாசலைப் பார்த்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டா. நேர்த்தி என்னோடு இருக்கிறது. வாசலை மிதிக்கும்வரை என்றுதானே சொன்னேன். அதனால் ஒரு விடியலும் விட்டதில்லை.

இந்த மாதம் வலது மணிக்கட்டில் எனக்கு ஒப்பரேசன். கட்டுப் போட்டிருக்கிறார்கள், ஒன்றும் தூக்கக்கூடாதாம். இடது கையால் அடித்துப் பார்த்தேன், மணி தடுமாறியது. அடுத்த அறையில் அது கேட்டிருக்கிறது. மகள் எங்கேயோ இசைத்தட்டைப் பாடவைக்கிற ஒரு பழைய பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தாள். இன்று விடியத் தோய்ந்துவிட்டு வந்து, பிள்ளையாருக்குப் பக்கத்திலிருந்த தட்டை எடுத்துச் சுழலவிட்டாள். கிற்றார் வந்தது. தொடையில் தட்டும் அந்த விரல்கள் வந்தன. பிறகு மணி. இப்போது நான் அடிக்கிற மணி மாதிரி இல்லை அது. அன்றைக்கு அடிக்கிறவளுக்குத் தம்பி அடுத்த மாதமே வந்துவிடுவான் என்பதில் சந்தேகமே இல்லை. நல்ல உறுதியாக, ஆறுதலாக அடிக்கிறாள். மகள் கற்பூரத் தட்டை என் இடது கையில் தந்தாள். இசைத்தட்டில் அடிக்கிறவள் நிறுத்தும்வரை நான் கற்பூரம் காட்டிக்கொண்டு நின்றேன்.

மணி நின்றது. பாட்டும் நின்றது. ஊசி சும்மா ஓடியது.

"இன்னொருக்கால் போடட்டோ அம்மா?"

"போதும் பிள்ளை. எடுத்துச் சாமித்தட்டிலை வை. நாளைக்கு விடியப் போடுவம்."