வில்ஃபிடம் மிஞ்சிய சொல்

வட இங்கிலாந்தில், பார்ன்ஸ்லி சந்தையில் கசாப்புக் கடை வைத்திருந்த வில்ஃப் ஹாலமுக்கு வாய் மட்டும் இல்லையென்றால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும். ஒரு பன்றித் தொடையை விற்பதற்குள் அந்தப் பன்றியின் குலம் கோத்திரம் முழுக்கச் சொல்லிவிடுவார். சிரிப்பு வரும் இடத்தில் சட்டென்று நிறுத்துவார். கூட்டம் சிரித்து ஓய்ந்த பிறகுதான் கத்தி மறுபடி கீழே இறங்கும். எதிர்க்கடை மீன்கார எரிக் தன் வியாபாரத்தை விட்டுவிட்டு வாய் பிளந்து நிற்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு திங்கட்கிழமை காலையில் கடைக்குள்ளேயே சரிந்தார். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துக்கொண்டதாம். உயிர் பிழைத்தது, ஒரு கால் மட்டும் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. ஆனால் சொற்கள் போய்விட்டன. மனைவி பெயர், மகள் பெயர், ஆட்டுக்கறி, மாட்டுக்கறி எல்லாம் போய், ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

கெட்.

நாம் பள்ளிக்கூடத்தில் 'பெறு' என்று பொருள் எழுதி, மார்க்கும் வாங்கி, அத்தோடு மறந்துவிட்டோமே, அதே இங்கிலீஷ் சொல்தான்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஆஸ்பத்திரியில் அவருக்குப் படங்களைக் காட்டினாள். ரொட்டி வாங்குகிறவள் படத்தைப் பார்த்து வில்ஃப், "கெட்" என்றார். பஸ்ஸில் ஏறுகிற கிழவருக்கும் கெட். ஜலதோஷம் பிடித்து மூக்கைச் சிந்துகிறவனுக்கும், படுக்கையை விட்டு எழுகிறவனுக்கும், மோதிரம் மாற்றுகிற ஜோடிக்கும் அதேதான். அந்தப் பெண் முதலில் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு படங்களை மறுபடி ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த அவர் மனைவி நோரீனைத் திரும்பிப் பார்த்தாள்.

"மிசஸ் ஹாலம், இவர் சொன்னதுல ஒண்ணுகூடத் தப்பில்லீங்களே! வாங்கறதுக்கும் இதைத்தான் சொல்றோம், ஏறுறதுக்கும் இதைத்தான் சொல்றோம். சளி பிடிச்சாலும் இதான், கல்யாணம் ஆனாலும் இதான்!"

"பின்ன?" என்றாள் நோரீன். "எல்லாத்தையும் எடுத்துக்கிட்ட கடவுள், ஓட்டைச் சட்டியையா விட்டுட்டுப் போவாரு? குடும்பம் நடத்துறதுக்குத் தோதா ஒண்ணைப் பாத்துத்தான் விட்டிருக்காரு."

வாயால் அப்படிச் சொன்னாளே தவிர, அன்று அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிறந்ததிலிருந்து அவள் வாயில் புழங்குகிற சொல் அது. கொண்டுவா என்பதும், போய்ச் சேர் என்பதும், புரிகிறதா என்பதும், தொலைந்து போ என்பதும், வயசாகிறது என்பதும் அந்த மூன்றெழுத்தின் முதுகில்தான் ஏறிப் போய்க்கொண்டிருந்தன என்பதை அவள் அதுவரை கவனித்ததே இல்லை. நினைத்தால் எனக்கே மலைப்பாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவள் அதில் பண்டிதை ஆகிவிட்டாள். மூக்கால் இழுத்துச் சொன்னால் டீ. கட்டையாகச் சொன்னால் டி.வி.யை நிறுத்து. ஜன்னலைப் பார்த்து மெல்லச் சொன்னால் மழை வரப்போகிறது, துணியை எடு. யாராவது பார்க்க வந்தால் வில்ஃப் ஒரு 'கெட்' போடுவார். நோரீன் உடனே அதை விரித்து ஐந்து வாக்கியம் பேசுவாள்.

"அவன் ஒண்ணு சொல்றான், நீ பிரசங்கமே பண்றியேம்மா!" என்பார் எரிக்.

"உனக்கென்னய்யா தெரியும்? அவர் மனசுல இருக்கறதைத்தான் சொல்றேன்."

இந்த நேரத்தில்தான் மகள் லிண்ட்சிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை ஜைல்ஸ் லண்டன் பக்கம். அவன் அம்மா ஆங்கிலத்தை இஸ்திரி போட்டு மடித்துவைத்தது போலப் பேசுகிறவள். அந்த நாட்டில் வழக்கம் என்னவென்றால், விருந்தில் பெண்ணின் அப்பா எழுந்து நாலு வார்த்தை பேச வேண்டும். கடைசியில் கோப்பையைத் தூக்கி அவர் வாழ்த்துவதை, சபை மொத்தமும் எழுந்து நின்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் குடிக்கும்.

"எரிக் பேசட்டும்" என்றாள் நோரீன்.

"அப்பா குத்துக்கல்லாட்டம் இருக்காரு, எரிக் மாமா எதுக்கு?" என்றாள் லிண்ட்சி. "உனக்கு அவமானமா இருக்காம்மா?"

"எனக்கென்னடி அவமானம்! அந்த லண்டன்காரங்க சிரிச்சிட்டாங்கன்னா? இந்த மனுசன் அதுக்கப்புறம் வாயைத் திறப்பாரா? இருக்கறது ஒண்ணே ஒண்ணு. அதுவும் போயிடும்டி."

லிண்ட்சி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில், வில்ஃப் பேசுவது, நோரீன் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வது என்று முடிவாயிற்று.

தொழிலாளர் கிளப் கூடத்தில் விருந்து. பன்றிக்கறி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் வினிகரில் ஊறிய வெங்காயமும் தீர்ந்து, பீர் கோப்பைகள் மறுபடி நிறைந்தன. வில்ஃப் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நோரீனும் எழுந்தாள். அவர் அவள் தோளில் கையை வைத்து மெல்ல அழுத்தினார்.

"கெட்."

உட்கார் என்கிறார். அதற்குப் பொருள் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. அவள் உட்கார்ந்தாள்.

வில்ஃப் லிண்ட்சியைப் பார்த்தார். குழந்தையை ஏந்துகிற மாதிரி கையை மடித்தார். "கெட்" என்றார், மூச்சுக் காற்றைப் போல அவ்வளவு மெல்ல. அவள் தங்களுக்குக் கிடைத்த நாள். பிறகு குனிந்து, தரையில் விழுந்துகிடக்கும் பிள்ளையை எழுப்புகிறவராக, "கெட், கெட்" என்றார். பிறகு விறைத்து நிமிர்ந்து, வாசல் கதவைப் பார்த்துச் சந்தைக் குரலில், "கெட்!" என்று ஒரு போடு போட்டார். மகளைத் தேடி வந்த பையன்களை விரட்டுகிறாராம்!

கூடம் குபீரென்று சிரித்தது. நோரீனுக்கு உயிரே போய்விட்டது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் காத்துக்கொண்டிருந்தார். கத்தியை நிறுத்திவைத்துக்கொண்டு, கூட்டம் சிரித்து ஓயட்டும் என்று பன்றித் தொடைக்கு முன்னால் நிற்பாரே, அதே நிறுத்தம். ஐயோ, இந்த மனிதர் எங்கேயும் போகவில்லை, இத்தனை நாளும் இங்கேதான் இருந்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

சிரிப்பு ஓய்ந்தது. அவர் ஜைல்ஸைத் தேடிப் பிடித்து நேராகப் பார்த்தார். "கெட்?"

மாப்பிள்ளை எழுந்தே விட்டான். "புரிஞ்சுதுங்க. கண்கலங்காம பாத்துக்கறேன்."

பிறகு வில்ஃப் நோரீன் பக்கம் திரும்பி ஒருமுறை சொன்னார். அந்த 'கெட்' அவள் கேட்டறியாதது. டீ இல்லை, மழை இல்லை, அவள் கணக்கில் இருந்த எதுவும் இல்லை. நீ எனக்குக் கிடைத்தாய் என்பதா, இவ்வளவு தூரம் வந்து சேர்ந்துவிட்டோம் என்பதா, எனக்கு எல்லாம் தெரியும் என்பதா? பண்டிதைக்கே பொருள் பிடிபடவில்லை.

அவர் கோப்பையைத் தூக்கினார்.

"கெட்!"

கூடம் ஒரு கணம் திகைத்தது. திருப்பிச் சொல்ல வேண்டும், எதைச் சொல்வது? முதலில் எழுந்தது மாப்பிள்ளையின் அம்மா. தொப்பி சரிய, மை கலைந்த கண்ணோடு கோப்பையை உயர்த்தினாள். அடுத்து எரிக். நாற்காலிகள் கிரீச்சிட, சந்தையும் லண்டனும் மொத்தமாக எழுந்து நின்றன.

"கெட்!"

சுவர் அதிர்ந்தது. வில்ஃப் கோப்பையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். சரிந்து விழுந்த நாளிலிருந்து அவரிடம் எல்லோரும் தங்கள் சொற்களில்தான் பேசினார்கள். அவருடைய சொல்லில் அவருக்கு யாரும் பதில் சொன்னதில்லை. அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

நோரீன் கடைசியாக எழுந்தாள். அவளும் அதையே சொன்னாள், கூட ஒரு வார்த்தை சேர்க்காமல்.