கொடி மாற்றிய பேர்பெச்சுவா

தபால்காரர் நேரத்துக்கு வந்தாலே, இன்றைக்கு ஏன் நேரத்துக்கு வந்தார் என்று யோசிக்கிற மனுசி பேர்பெச்சுவா. மன்னாரிலிருந்து அகதியாக வந்து, ஜெர்மனியின் கீல் நகரத்து ஹோட்டல் ஒன்றில் உணவு பரிமாறிக்கொண்டிருந்தார். அவருக்கும் கணவர் பென்ஜமினுக்கும் இருந்தது ‘டுல்டுங்’ மட்டும்தான். இப்போதைக்குத் திருப்பி அனுப்பவில்லை, பிறகு பார்ப்போம் என்கிற கடதாசி. அதுவும் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

அந்த வாரம் பார்த்துத்தான் பால்டிக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் பாராளுமன்ற உறுப்பினர்கள் அங்கே மாநாட்டுக்கு வந்து இறங்கினார்கள். 1997 இலையுதிர் காலம். அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் விருந்தாளிகள் வேறு. மாநாடு மறுநாள்தான் தொடக்கம். ஆனால் முதல் நாள் மாலையே எல்லாரும் ஒன்றாக இருந்து மீன் சாப்பிட்டார்கள். சூப் வைக்கப் போன இடத்தில், டென்மார்க்காரரும் கனடாக்கார அம்மாவும் ஜெர்மன் மொழியில் அகதிகளைப் பற்றிக் கதைப்பது காதில் விழுந்தது.

பேர்பெச்சுவாவுக்கு ஊர் வழக்கம்தான் நினைவுக்கு வந்தது. ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள், சம்பந்தம் சரிவந்தால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். அதுவரை ஒரு வாய் தேத்தண்ணியும் குடிக்கமாட்டார்கள். இவர்களோ பேச்சே தொடங்கவில்லை, இரண்டாம் தரம் உருளைக்கிழங்கு கேட்கிறார்கள்.

சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த கொறற்றியிடம் ஓடினார்.

“கொறற்றியக்கா, கை நனைச்சிட்டினம். எல்லாம் முடிஞ்சுது.”

“என்னடி முடிஞ்சுது?”

“எங்களைத் திருப்பி அனுப்புறது. கனடாவும் சேர்ந்திட்டுது. இனி அங்காலையும் ஓடேலாது.”

“உனக்கு ஆர் ஒண்டாச் சாப்பிட்டாலும் சம்பந்தம்தான். போய் மீனை வை.”

மீனை வைத்தார். ஆனால் சம்பந்தத்தைக் குழப்புவது என்று முடிவு கட்டிவிட்டார். மேசைகளில் அந்தந்த நாட்டுக் குட்டிக் கொடி வைப்பது அவருடைய வேலை. மறுநாள் மத்தியானம் டென்மார்க்கை யன்னல் மூலைக்கும் கனடாவைத் தூணுக்குப் பின்னாலும் தள்ளினார். அமெரிக்காவுக்குச் சமையலறைக் கதவடி. கதவு திறக்கும்போதெல்லாம் முதுகில் இடிக்கும்.

வந்தவர்கள் கொடியைப் பார்த்தார்கள், ஆளையாள் தேடினார்கள். பிறகு கதிரைகளைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரே மேசையில் நெருக்கியடித்து இருந்துவிட்டார்கள். பேர்பெச்சுவாவுக்கு அழுகை வந்தது.

கீல் நகரத்து உறுப்பினர், நெடுவல் மனிதர், கோப்பிக்கு வந்தவர் பேர்பெச்சுவாவின் முகத்தைப் பார்த்து என்ன நடந்தது என்று விசாரித்தார். வேலை போனாலும் போகட்டும் என்று பேர்பெச்சுவா நேரே கேட்டார்: எங்களை அனுப்புவதென்று முடிவெடுத்துவிட்டீர்களா?

மனிதர் திகைத்துப்போனார். அகதி விசயமே இந்த மாநாட்டில் இல்லை என்றார். கனடாக்கார அம்மாவின் தாய் இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் லாத்வியாவிலிருந்து இந்தக் கடலால் தப்பி ஓடியவராம், அந்தக் கதைதானாம் அது. காலையிலிருந்து அவர்கள் அடிபடுவது, கடலுக்கடியில் கிடக்கும் பழைய குண்டுகளை ஆர் அகற்றுவது என்று. சரிவராததால்தான் ஒன்றாக இருந்து சாப்பிடுகிறார்கள். சாப்பாட்டையும் விட்டால் பிறகு முகம் பார்க்க ஏலாது. சரிவந்தாலும் தங்களால் ஒன்றையும் முடிவெடுக்க முடியாது, அவரவர் அரசாங்கத்திடம் கேட்கத்தான் முடியும். உங்கள் விசயம் இந்த நகரத்து வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருக்கிறது, அங்கே கேளுங்கள் என்றார்.

கேட்பதற்காகவா அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வருவார்கள்? பேர்பெச்சுவா நம்பவில்லை. ஆனால் அந்த அலுவலகம் மனதில் தைத்துவிட்டது. ஒவ்வொரு தரமும் பென்ஜமின் இரண்டு பேரின் கடதாசியோடும் தனியாக உள்ளே போவார். இவர் பயத்தில் படிக்கட்டில் நின்று செபமாலை சொல்லுவார்.

வெள்ளிக்கிழமை அவரும் உள்ளே போனார். அலுவலருக்கு முன்னால் இருந்து, எங்களை அனுப்பப் போகிறீர்களா என்று ஜெர்மனில் கேட்டார். அலுவலர் நிமிர்ந்து பார்த்தார், இப்போதைக்கு இல்லை என்றார், ஆறு மாதத்துக்கு முத்திரை குத்திச் சிரித்தார்.

“இஞ்சாருங்கோ, அவர் ஏன் சிரிச்சவர்?” என்று படியிறங்கும்போது பேர்பெச்சுவா கேட்டார்.

குளிர் காற்று அடித்தது. பென்ஜமின் நின்று, பேர்பெச்சுவாவின் கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டார். இவர் ஏன் இன்றைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறார் என்று பேர்பெச்சுவா அவரையும் மேலும் கீழும் பார்த்தார்.