வெம்பிய பழம்

பழம் பறிக்கும் அக்கா, ஆய்வுக்கூடத்துக் காப்பிப் பழங்களைத் திருடித் தின்கிறாள் என்று தோட்டமெங்கும் பேச்சு. விசாரித்தால், தின்றது உண்மைதான். பழம் பழுக்கையில் எந்த மரபணு எப்போது விழிக்கிறது என்று தேடிய விஞ்ஞானிக்கு, தோலின் நிறம் வண்ண அட்டையோடு ஒத்துப்போனதெல்லாம் பழுத்த பழம். அக்காவோ கொத்துக்கு ஒன்றைக் கடித்துப் பார்ப்பாள்.

"தோலுதான் சார் செவப்பு, உள்ள காய். வெயில்ல வெம்புனது. இதச் சேத்தா உங்க கணக்கு உதைக்கும்."

"படிச்சது நானா, நீயாம்மா?"

மாதிரிப் பழத்தைத் தின்ற குற்றத்துக்கு வேலை போனது. அக்கா சொன்னபடியே கணக்கும் உதைத்தது. விஞ்ஞானி ஆளனுப்பி, கடித்துப் பார்க்கும் வித்தையைக் கேட்டு எழுதிக்கொண்டார். கட்டுரையில் அது அவருடைய கண்டுபிடிப்பாக வந்தது.

"மன்னிப்பாச்சும் கேட்டாராக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"அடுத்த அறுவடைக்குள்ள கேட்டுடுறாராம். எனக்கென்ன வேலையா வெட்டியா, உக்காந்திருக்கேன்."