ஓரத்துப் பென்சில் எழுத்து

யுத்த காலத்தில் பெரம்பலூரில் வாத்தியாராக இருந்துகொண்டே சரித்திர எம்.ஏ.வுக்குத் தனியாகப் படித்தேன். அரியலூரிலும் ஒரு வாத்தியார் அதே தேர்வுக்குப் படித்தார். இருவருக்கும் பழைய பாரசீகம்தான் சிறப்புப் பாடம். முதல் வகுப்பு வாங்கினால் காலேஜ் வேலை கிடைக்கும் என்ற கனவும் இருவருக்கும் ஒன்றுதான்.

பாடத்துக்குத் தேவையான தடிப் புத்தகம் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அவரிடம் என்று வைத்துக்கொண்டோம். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ்ஸில் கண்டக்டர் அதைத் துண்டில் முடிந்து கொண்டுபோய்ச் சேர்ப்பார்.

அவர் முஸ்லிம். சின்ன வயதிலேயே தம் அத்தாவிடம் பாரசீக மொழி கற்றவர். எனக்கு வயிறு எரிய இது போதாதா? கிரேக்கர்கள் சொன்னதை வெள்ளைக்காரன் இங்கிலீஷில் எழுத, அதை நான் அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தேன். அவரோ அந்த நாட்டுப் பாட்டுகளையே கேட்டு வளர்ந்தவர்.

புத்தகம் என்னிடம் திரும்பும்போதெல்லாம் ஓரங்களில் பொடிப்பொடியாகப் பென்சில் எழுத்து இருக்கும். ஒரு மன்னனைப் பற்றி, ‘கொடுங்கோலன் என்றது எதிரி, கல்வெட்டு வேறு சொல்கிறது’ என்று எழுதியிருந்தார். எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று அன்று முழுக்கப் பொருமினேன்.

கடைசி முறை வந்தபோது, எரிந்துபோன அரண்மனையைப் பற்றிய அத்தியாயத்தில் ஓரமே தெரியவில்லை, அவ்வளவு எழுத்து. படித்தால் இன்னும் எரியும். தேர்வுக்கு முந்தைய வாரம் புத்தகம் அவரிடம் இருக்கும். இதையெல்லாம் புரட்டிப் பார்த்துக்கொண்டு போய்விடுவார். ரப்பரை எடுத்து, ஒரு வரிகூடப் படிக்காமல் முழுவதையும் அழித்தேன். தாளில் ஓரிடம் கிழிந்தது. மறுநாள் பஸ்ஸில் அனுப்பிவிட்டேன்.

திருச்சியில் தேர்வு. தங்கள் பழைய பேரரசர்களைப் பாரசீகர் பிற்காலத்தில் எப்படி நினைவில் வைத்திருந்தார்கள் என்று கேட்டிருந்தார்கள். புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை. கிரேக்கர் அரண்மனையை எரித்த கதையையே மூன்று பக்கம் நீட்டி எழுதிவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் அவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

“நாம நெனச்ச கேள்வியே வந்துருச்சு பாத்தீங்களா சார்? அரண்மனைய யார் கட்டுனான்னே அந்த ஊர்க்காரங்க மறந்துட்டு, கதையில வர்ற ராஜா கட்டுனதுன்னு சொல்லிட்டாங்கன்னு ஓரத்துல எழுதியிருந்தேனே, நல்லா எழுதியிருப்பீங்க.”

நான் தலையாட்டினேன்.

“எனக்குத் தெரிஞ்சத எனக்காக நான் எதுக்கு சார் எழுதணும்? எல்லாம் உங்களுக்காகத்தான். புஸ்தகம் வந்தப்ப அழிச்சிருந்துச்சு. சரி, குறிச்சுக்கிட்டீங்கன்னு சந்தோஷமாப் போச்சு.”

அதற்கும் தலையாட்டினேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று அவர் கிளம்பினார்.