தண்ணீர்ப்பந்தல் வைஃபை

“பேரு இன்னா வெக்கலாம்க்கா?” என்று கேட்டார் நெட் கனெக்‌ஷன்காரர். கூடத்து ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் புது வைஃபை பெட்டியை வைத்துக்கொண்டு, போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். முதல் நாள் இடிமழையில் பழைய பெட்டி கருகிப்போயிருந்தது. ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் ஒன்பது நாள்.

“பழைய பேரே வையுங்க. பாஸ்வேர்டும் பழசே இருக்கட்டும்.”

“அது இன்னாக்கா தண்ணீர்ப்பந்தல்னு? புதுப் பெட்டி, நல்லா ஸ்டைலா ஒண்ணு வெச்சித் தரேன்.”

“ஏம்பா, சொன்னத வை. ஸ்டைல உன் வூட்ல வெச்சிக்கோ.”

அவர் பழைய பெயரையே வைத்துவிட்டுப் போனார். எனக்கு வாய் நீளம். தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வருகிற பெண்களில் இருந்து காய்கறி வண்டிக்காரர் வரைக்கும் தெரிந்த விஷயம்தான் அது. அந்த வாயால் நான் எதை இழந்தேன் என்பது மட்டும் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மகளுக்கும்தான் தெரியும்.

தண்ணீர்ப்பந்தல் என்று பெயர் வைத்தவன் என் தம்பி. ஆங்கில எழுத்தில் வைத்திருந்தான். எனக்கும் அவனுக்கும் எட்டு வயது வித்தியாசம். சின்ன வயதில் வருஷா வருஷம் வேண்டுதல் என்று மலைக்குக் கூட்டிப்போய் அவனுக்கு முடி இறக்கிவிடுவார்கள். அதனால் நான் அவனை மொட்டை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். முப்பது வயதுக்கு மேல் தலை நிறைய முடியோடு பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தபோதும் எனக்கு அவன் மொட்டைதான். அவனும் விட்டுக்கொடுக்கவில்லை, தன் போனுக்கே ‘மொட்டை’ என்று பெயர் வைத்திருந்தான். எந்த வைஃபையில் சேர்ந்தாலும் அவன் போன் அந்தப் பெயரோடுதான் போய் நிற்கும்.

அப்பா அம்மா போன பிறகு எனக்குத் தாய்வீடு என்று மிச்சம் இருந்தது அவன் ஒருத்தன்தான். அந்தத் தாய்வீடும் என் வீட்டு மாடி அறையிலேயே இருந்தது. பொங்கலுக்கு மஞ்சள்கொத்தும் கரும்பும் வாங்கி மாடியில் வைத்துவிட்டு, அங்கிருந்து பதினான்கு படி இறங்கி வந்து எனக்குச் சீர் கொடுப்பான். நானும் வாசலில் நின்று ஆரத்தி எடுத்து வாங்கிக்கொள்வேன். என் வீட்டுக்காரர் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்.

ராத்திரி கடையை மூடிவிட்டு வந்தால் நேராக உள்ளே வரமாட்டான். கேட்டில் சாய்ந்துகொண்டு போனில் பேசுவான். “உள்ள வாடா, சோறு ஆறிப்போவுது” என்று நான் நாலு தரம் கத்தவேண்டும். வந்து உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, கடைசியில் மோரை ஒரு வாய் குடித்ததும் சொல்வான்: “உப்பு கம்மி.” நான் எவ்வளவு போட்டாலும் அதைச் சொல்வான். “கம்மியா இருந்தா உன் நாக்குல கீது கம்மி” என்பேன். ஒருநாள்கூட நான் ஒப்புக்கொண்டதில்லை.

எங்கள் தெரு மலையடிவாரத்தில் இருக்கிறது. கிருத்திகைக்குக் காவடி எடுத்து வருகிறவர்கள் சரவணப் பொய்கைக்குப் போகிற வழி. அன்றைக்கு வீட்டுக்கு வீடு வாசலில் ஏதாவது வைத்து ஊற்றுவார்கள். ஒரு வீட்டில் பானகம், ஒரு வீட்டில் தண்ணீர், எங்கள் வீட்டில் மோர். வருகிறவர் யார், எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்கக்கூடாது. கேட்டால் ஊற்றியது புண்ணியக் கணக்கில் சேராது என்று அம்மா சொல்வாள்.

அந்த மோர்ப் பந்தலில் வைஃபையையும் சேர்த்தவன் அவன். கிருத்திகையன்று கூட்டத்தில் யார் போனிலும் சிக்னல் நிற்காது. கூட வந்தவர்களைத் தவறவிட்டுவிட்டு நடுத்தெருவில் அழுதுகொண்டு நிற்பவர்கள் வருஷத்துக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். “தண்ணி குடுத்தா தாகம் போவும். இவங்களுக்கு இப்போ வேண்டியது போன்க்கா” என்றான். மகள் சின்ன வயதில் எழுதிப் பழகிய சிலேட்டைப் பரணில் இருந்து எடுத்து, ‘பக்தர்களுக்கு வைஃபை இலவசம்’ என்று சாக்பீஸில் எழுதி, கீழே பாஸ்வேர்டையும் போட்டு கேட்டில் மாட்டினான். அரோகரா என்று எழுதி, பக்கத்தில் மலைப்படி எண்ணிக்கையான முந்நூற்று அறுபத்தைந்து. மலையேறுகிறவர்களுக்கு மறக்காது என்பது அவன் கணக்கு. பெயரையும் அன்றைக்குத்தான் தண்ணீர்ப்பந்தல் என்று மாற்றினான்.

என் போனில் ஒரு ஆப் போட்டு, யார் யார் போன் நம் வைஃபையில் சேர்ந்திருக்கிறது என்று பார்க்கிற இடத்தையும் காட்டிக்கொடுத்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சேர்ந்தால் பட்டியலில் இருந்து தூக்கிவிடவும், வைஃபை பெயரை மாற்றவும்கூடச் சொல்லிக்கொடுத்தான். பிள்ளைகளைத் தூக்கிவிடுவதில் எனக்கு ஒரு ருசியே வந்துவிட்டது.

மூன்று வருஷத்துக்கு முந்தின கிருத்திகை. மகளுக்கு வேலைக்கான இன்டர்வியூ, வீட்டில் இருந்தே கம்ப்யூட்டரில். முதல் நாள் சாயங்காலம்தான் தகவல் வந்தது. தம்பி அப்போது கடையில் இருந்தான். அவனிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், தயிர் தோய்க்கிற அவசரத்தில் மறந்துபோனேன். இதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது. சொல்ல மறந்தவள் நான்.

பதினொரு மணிக்கு மகள் உள்ளே இருந்து, “அம்மா, நிக்குதுமா, எல்லாம் நின்னுபோச்சுமா” என்று அழுதாள். என் போனில் பார்த்தேன். நாற்பது போனுக்கு மேல் ஏறியிருந்தது. வாசலுக்கு ஓடினேன். தம்பி ஒரு கையில் சொம்பும் ஒரு கையில் டம்ளருமாக ஊற்றிக்கொண்டிருந்தான். அத்தனை பேர் முன்னால், என் முந்தானையால் அந்தச் சிலேட்டை அழித்தேன்.

“யாரக் கேட்டு எழுதின? இது இன்னா, உன் வூடா?”

அவன் என்னைப் பார்த்தான். டம்ளரை அண்டா மூடிமேல் கவிழ்த்து வைத்தான். “இல்லக்கா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். சாயங்காலம் இரண்டு பையோடு மாடியில் இருந்து இறங்கிப் போனான்.

மகளுக்கு அந்த வேலை போனது. மூன்று மாதத்தில் வேறு வேலை கிடைத்தது. “மாமாவ ஏம்மா சொன்ன?” என்று அவளே என்னிடம் சண்டை போட்டாள். அவனோ கடையைக் காலிசெய்துவிட்டு கனகம்மாசத்திரம் போய்விட்டான். பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம். நான் மூன்று தரம் போன் செய்தேன், எடுக்கவில்லை. நான்காவது தரம் செய்ய என் வீம்பு விடவில்லை. “நேர்ல போய்ட்டு வந்துடு” என்றார் வீட்டுக்காரர். “சின்னவன்தான் வரணும்” என்றேன். பொங்கல் வந்தது. சீர் வரவில்லை. அன்றைக்குப் பால் பொங்கும்போது எல்லாரும் பொங்கலோ பொங்கல் என்றார்கள், எனக்கு வாயே வரவில்லை.

அடுத்த வருஷம் கிருத்திகையன்று சிலேட் மாட்டவில்லை, மோர் மட்டும் ஊற்றினோம். மதியம் எதற்கோ போனை எடுத்தேன். யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்ற பட்டியலில் என் போன், மகள் போன், வீட்டுக்காரர் போன், நான்காவதாக மொட்டை. ஒருமுறை சேர்ந்த போன் அந்தப் பெயரைக் கண்டால் தானாகவே ஒட்டிக்கொள்ளும் என்று அவன்தான் சொல்லியிருந்தான். தெருவில் தலைதலையாக ஜனம். ஏழு நிமிஷம் அந்தப் பெயர் இருந்தது. நடந்து போகிற போன் ஏழு நிமிஷம் இருக்காது. எதிர்ச்சாரியில் எங்கேயோ அவன் நின்றிருக்கவேண்டும். நான் படியைவிட்டு இறங்கவில்லை. அவனே வரட்டும் என்று நின்றேன். பெயர் மறைந்தது. போன வருஷமும் இப்படியே.

வருஷத்தில் அந்த ஏழு நிமிஷம்தான் எனக்குத் தாய்வீடு. அதற்காகத்தான் கனெக்‌ஷன்காரரிடம் அப்படிக் கத்தினேன். வேறு பெயர் வைத்தால் அவன் போனுக்கு எங்கள் வீடு தெரியாமல் போய்விடும்.

புதுப் பெட்டி வைத்த அன்று ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் முதல்முறையாகச் சொன்னேன். அவர் தட்டில் இருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அந்த லிஸ்ட்ட உனக்குக் காட்டிக் குடுத்ததே அவன்தானே? நீ பாத்துகினு இருப்பனு அவனுக்குத் தெரியாதா?”

இரண்டு வருஷமாக நான் அவனை ஒளிந்து பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவன் வந்து வந்து கதவைத் தட்டியிருக்கிறான். நான்தான் திறக்காமல் இருந்திருக்கிறேன்.

கிருத்திகைக்கு முதல் நாள் காலையில் ஆப்பைத் திறந்து, பெயர் மாற்றும் இடத்துக்குப் போனேன். ‘தெரியாம சொல்லிட்டேன் மன்னிச்சிடுடா’ என்று அடித்தேன். நீளம் அதிகம் என்று தள்ளிவிட்டது. ‘அக்கா மேல கோவமா’ என்று அடித்தேன். அதுவும் நீளம். மன்னிப்புக் கேட்கக்கூட இடம் இல்லாத பெட்டியாக வந்து வாய்த்திருக்கிறதே என்று அதையும் திட்டினேன். கடைசியில் எனக்கு வாயில் பழகிப்போனதை அடித்தேன். ‘உள்ளே வாடா.’ ஏற்றுக்கொண்டது.

சேமிக்கும் முன் மகள் கையைப் பிடித்தாள். “அம்மா, யோசிச்சிக்கோ. பேர் மாறிட்டா மாமா போன் தானா சேராது. அவரே எடுத்துப் பாத்தாதான் உண்டு. பாக்கலனா, வந்தாரா இல்லையானுகூட உனக்குத் தெரியாது.”

“ஒரு பெட்டியில ரெண்டு பேர் வெக்க முடியாதா?”

“இதுல முடியாதுமா.”

பழைய பெயர் இருந்தால் ஏழு நிமிஷம் நிச்சயம். ஆனால் அந்த ஏழு நிமிஷம் எத்தனை வருஷத்துக்கு? அழுத்திவிட்டேன்.

சாயங்காலத்துக்குள் தெருவே தன் போனில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டது. எதிர்வீட்டுக்காரர் கேட்டில் வந்து நின்று, “யாரக் கூப்புடற? நான் வரலாமா?” என்று கேட்டார். “நீங்க வந்தா உங்க வூட்டம்மா வெளக்கமாத்த எடுத்துகினு வரும், பரவால்லியா?” என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் விடியற்காலையில் சிலேட்டைக் கழுவி நானே எழுதினேன். அதே வாசகம், அதே பாஸ்வேர்ட். கேட்டில் மாட்டி, மிச்ச சாக்பீஸைப் பக்கத்துச் சுவர்மேல் வைத்தேன். அண்டாவில் மோர் கரைத்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு நின்றேன். மஞ்சள் வேட்டிகளும் மொட்டைத் தலைகளும் பூக்காவடிகளுமாகத் தெரு நிறைந்தது. “மஜ்ஜிக உந்தா அம்மா?” என்று மோர் கேட்டு ஆந்திரக் கும்பல் ஒன்று வந்து வயிறு நிறையக் குடித்துப் போனது. சிலேட்டைப் பார்த்துப் பார்த்துப் போன்களும் ஏறின. நான் வலது கையால் ஊற்றிக்கொண்டு இடது கையில் போனைப் பிடித்துத் தேடிக்கொண்டிருந்தேன். பத்து, இருபது, முப்பது பெயர். மொட்டை இல்லை.

“மூஞ்சியப் பாத்து ஊத்துடி. வந்தவங்க இன்னா நெனப்பாங்க?” என்றார் வீட்டுக்காரர்.

மதியம் தாண்டியது. மனசு விட்டுப்போனது. கையில் இருந்த ஒரு அடையாளத்தையும் தூக்கிப் போட்டுவிட்டோமே என்று என்னையே நொந்துகொண்டேன். அண்டாவில் கால்வாசிதான் இருந்தது. நீட்டுகிற கைகளுக்கு ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

மூன்று மணி சுமாருக்குப் பட்டியலின் அடியில் வந்தது. மொட்டை.

தானாகச் சேர்ந்தது இல்லை. பெயரைப் படித்து, கையால் தொட்டு, அரோகரா என்று அடித்துச் சேர்ந்தது. எனக்குக் கண் மறைத்தது. கூட்டத் தலைகளுக்கு மேலாக எதிர்ச்சாரியையே பார்த்தேன். டீக்கடை, பூக்கடை, மின்கம்பம், எங்கேயும் காணோம். எதிரே இன்னும் இரண்டு மூன்று கை டம்ளரை நீட்டிக்கொண்டிருந்தது. எதில் ஊற்றினேன், எதில் சிந்தினேன் என்று தெரியாது. சொம்பை, அப்போதுதான் உள்ளே இருந்து வந்த வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினேன். மூன்று வருஷமாக அவனுக்காக இறங்காத படியில் இருந்து இறங்கி ஓடினேன். பொய்கை முனைவரை போனேன். மொட்டை மொட்டை என்று கூப்பிட்டால் அங்கே நூறு மொட்டை திரும்பிப் பார்த்தது. அவன் இல்லை. திரும்பி வந்து பார்த்தபோது பட்டியலிலும் இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் கூட்டம் குறைந்தது. சிலேட்டைக் கழற்றப் போனேன். பாஸ்வேர்டுக்குக் கீழே, என் எழுத்து இல்லாத எழுத்தில், சின்னதாக எழுதியிருந்தது.

‘மோர்ல உப்பு கம்மி.’

குடிக்காமல் எப்படித் தெரியும்? அவன் எதிர்ச்சாரியில் நிற்கவே இல்லை. இந்த வருஷம் கேட்டுக்கு வந்து, வரிசையில் நின்று, என் எதிரில் டம்ளரை நீட்டியிருக்கிறான். நான் அவன் டம்ளரில் மோர் ஊற்றிக்கொண்டே, அவன் தலைக்கு மேலாக அவனைத் தேடியிருக்கிறேன்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதேன். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். அண்டாவைச் சாய்த்து அடியில் இருந்ததை டம்ளரில் ஊற்றிக் குடித்துப் பார்த்தேன்.

உப்பு கம்மிதான்.

சிலேட்டை அழிக்காமல் கூடத்தில் மாட்டினேன். வைஃபை பெயரையும் மாற்றவில்லை. மறுநாள் காலையில் தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு, ஒரு தூக்கு நிறைய மோர் எடுத்துக்கொண்டு, கனகம்மாசத்திரம் பஸ்ஸுக்குப் போய் நின்றேன்.