நொண்டாமல் நடந்த ஆறு வாரம்

“இஞ்ச ஓடத் தெரியாத ஆள் ஆர் கா? ஷெல் விழுந்தா கிழவியும் ஓடுவாள். அதுக்கொரு கம்பஸ், அதுக்கொரு கோச்சரா?”

நான் பல்கலைக்கழக ஓட்ட அணியில் சேர்ந்த அன்று மாமா சொன்னது இது. மாமா அம்மாவின் தம்பி. வாவியில் மீன் பிடிக்கிறவர். அம்மாவும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸ்வரை படித்தவள் நான். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இப்போதும் உண்டு. ஆயிரத்தைந்நூறு மீற்றரில் கொழும்புப் போட்டிக்குத் தெரிவாகி மாமாவின் வாயை அடைப்பேன் என்று முடிவு செய்தேன்.

உங்களில் யாராவது காலில் ஒரு வலியை மறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தால், இதை உங்களுக்காகவே எழுதுகிறேன்.

வலி ஒரு விரல் அகலத்தில் தொடங்கியது. இடது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் மேல். ஓடத் தொடங்கும்போது குத்தும். மூன்றாவது சுற்றில் மறைந்துவிடும். மறைந்தால் சுகம் என்று நினைத்தேன்.

அந்த நாட்களில் வீதியில் ஓட முடியாது. ஓடுகிறவளைக் கண்டால் ஏன் ஓடுகிறாள் என்று சிப்பாயின் துவக்குதான் முதலில் கேட்கும். ஆகவே எல்லாப் பயிற்சியும் மைதானத்திலேயே. கோடையில் மண் சீமெந்து போல இறுகிக் கிடந்தது. முதல் பஸ்ஸைப் பிடிக்க நாலரைக்கு எழும்புவேன். ஒரு துண்டுப் பாண், வெறும் தேத்தண்ணீர். மெலிந்தால் நேரம் குறையும் என்று நம்பிப் பகல் சோற்றையும் பாதியாக்கினேன். மாதவிலக்கு நின்றபோது ஒரு தொல்லை விட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

வலியைவிட எனக்குப் பெரிய பயம் ஆமிக்காரரின் சென்ரி. எங்கள் ஊர் தன்னாமுனையிலிருந்து போகும் பஸ்ஸை வழியில் மறிப்பார்கள். எல்லோரும் இறங்கிச் சோதனைச்சாவடியைக் கடந்து நடக்க வேண்டும். நொண்டி நடக்கும் இளம் பெண் என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: இயக்கத்துக்காரி, சண்டையில் காயப்பட்டவள். அதனால் ஆறு வாரம், காலையிலும் மாலையிலும், பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தேன். அதுவும் எனக்கு ஒரு பயிற்சியாகிவிட்டது. எங்கள் அணியில் யாருக்கும் என் கால் நோவு தெரியாது.

அந்த ஆறு வாரத்தின் நடுவில் ஒரு நாள் பஸ்படியில் இடது காலை ஊன்றியபோது கண் இருண்டது. அம்மா என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. டொக்டர் ஓடவேண்டாம் என்றார், நான் ஓடினேன். மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில் தெரிந்தது: ஸ்ட்ரெஸ் பிராக்சர் (ஒரே அடி திரும்பத் திரும்பப் படுவதால் எலும்பில் உண்டாகும் மெல்லிய வெடிப்பு).

“மாதவிலக்கு ஒழுங்கா வருதா?” என்று டொக்டர் கேட்டார். அவர் நடுத்தர வயதுப் பெண்.

“அஞ்சு மாசமா இல்ல, டொக்டர்.”

“அஞ்சு மாசமா!” என்று அம்மா என் பக்கம் திரும்பினார். “என்னட்டயும் சொல்லல்லியே, புள்ள.”

சாப்பாடு போதாவிட்டால் உடம்பு முதலில் அதைத்தான் நிறுத்தும், பிறகு எலும்பும் பலம் குறையும் என்று டொக்டர் விளக்கினார். நான் சென்ரியைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார்.

“நொண்டியிருந்தா இவ்வளவுக்கு வந்திராது. நொண்டுறதுதான் கால் தன்னைக் காப்பாத்துற வழி. நீங்க அதையும் விடல்ல.”

சென்ரியில் காட்ட ஒரு கடிதம் எழுதித் தந்தார். மறுநாள் அம்மாவுடன், அதைக் கையில் பிடித்துக்கொண்டு, முதன்முறையாக நொண்டியபடி சென்ரியைக் கடந்தேன். மறித்தார்கள். அம்மாவைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள். ஒரு பெண் சிப்பாய் என்னை மறைவுக்குக் கூட்டிப்போய்ப் பாவாடையை முழங்கால்வரை உயர்த்தித் தழும்பு தேடினாள். இல்லை. விரலால் எலும்பை அழுத்தினாள். நான் கத்திவிட்டேன். அவள் கையை எடுத்து, பாவாடையைத் தானே இறக்கிவிட்டாள். அரை மணி நேரத்தில் விட்டார்கள். வெளியே வந்தபோது அம்மா என் கையை விடவேயில்லை.

நான் தெரிவாகியிருந்த கொழும்புப் போட்டிக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது. “பண்டேஜ இறுக்கிச் சுத்திக்கொண்டு இந்த ஒரு ஓட்டத்த ஓடிப்போடுங்களன், பிள்ள. பிறகு எவ்வளவும் ஓய்வெடுக்கலாம்,” என்றார் பயிற்றுநர். கெட்ட மனிதர் அல்லர். கொழும்புக்கு ஓர் ஆளைக் கூட்டிப்போக அவருக்கும் அதுதான் முதல் வாய்ப்பு.

“ஓடினா முறியும், சேர்.”

பட்டியலில் என் பெயரை நானே வெட்டினேன். அன்று சோறு இறங்கவில்லை. ஆனாலும் சாப்பிட்டேன், அதுவும் மருந்து என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

பிறகு பத்து வாரம். நொடிகளை மட்டுமே அறிந்திருந்த எனக்கு எலும்பின் நேரம் புதிது. அதை முந்த முடியாது. ஏழாவது வாரம் மாதவிலக்கு வந்தது. அம்மாவிடம் ஓடாமல் நடந்துபோய்ச் சொன்னேன். முன்பு என் உடம்பு நான் ஏவும் வேலைக்காரி. இப்போது அது சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் நான் பதில் சொல்கிறேன்.

நேற்றுக் காலை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்குப் போனேன். டொக்டர் சொன்னபடி பத்து நிமிடம் நடந்து, ஒரு நிமிடம் ஓடினேன். வலிக்கவில்லை. கால் இன்னொரு நிமிடம் கேட்டது. நின்றுவிட்டேன்.