வெள்ளிக் கோட்டுக்கு வார்னிஷ்

பெங்களூரு ஃப்ரேசர் டவுனில் பாதிக் கல்யாணம் நான் அச்சடித்த பத்திரிகையால்தான் நடந்தது. அப்படிப்பட்ட கை இன்று புது கம்பெனியில், பிளாஸ்டிக் தாளில் கரண்ட் ஓடும் கோடுகளை வெள்ளி இங்க்கால் அச்சடித்தது. தேறினால்தான் வேலை நிரந்தரம்.

இருநூறு தாள். மயிரிழை பிசகவில்லை.

இன்ஜினியர் ஷில்பா மீட்டர் முனையை வைத்தாள். கரண்ட் ஓடினால் 'பீப்' என்று கத்த வேண்டிய மீட்டரில் சத்தமே இல்லை.

"அங்கிள், மேல என்ன பூசினீங்க?"

"வார்னிஷ்மா. பளபளன்னு இருக்க வேணாமா?"

"அய்யோ தேவ்ரே! இது என்ன கல்யாணப் பத்திரிகையா? முனை வெள்ளியத் தொடவே மாட்டேங்குது!"

ஒரு தாளைத் தின்னர் போட்டுத் துடைத்தேன். வெள்ளியும் கூடவே வந்துவிட்டது.

நாளைக்கு வா என்று முதலாளி சொல்லவில்லை. நடந்ததை வீட்டில் நானும் சொல்லவில்லை.

வார்னிஷை மட்டும் எடுக்க வழி தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பளபளப்பை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை.